எழுதப்படாத திரைக்கதை: சத்யஜித் ரேயின் வாழ்வில் ‘பதேர் பாஞ்சாலி’ படத்திற்கான ஆயத்தக் காலம் (1943-1955)

ஆய்வுச் சுருக்கம்

வங்காளத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ரே (1921-1992) தம் முதற்படமாகிய பதேர் பாஞ்சாலியை முழுமையான எழுத்துத் திரைக்கதை இன்றியே உருவாக்கினார். இச்செய்தியைக் கொண்டு அப்படம் திட்டமிடப்படாமல் தன்னியல்பாக விளைந்தது என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. ரேயின் வாழ்க்கையில் 1943 முதல் 1955 வரையிலான காலப்பகுதியை நிரல்படுத்தி நோக்கும்போது, எழுத்து வடிவத் திரைக்கதையின் இடத்தை ஓவியம், களத்தேர்வு, ஒளிச்சோதனை, குழு அமைப்பு ஆகியவை நிரப்பியுள்ளமை புலனாகிறது. நாவல் ஒன்று திரைப்படமாக மாறும் வழியில் ஆயத்தப்பணி பெறும் இடத்தையும், அதற்கு ரேயும் அவர்தம் குடும்பத்தாரும் கொடுத்த விலையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சத்யஜித் ரே, பதேர் பாஞ்சாலி, சுயாதீனத் திரைப்படம், நாவலும் திரைப்படமும், காட்சி வரைவு.

முன்னுரை

இலக்கியப் படைப்பு திரைப்படமாக்கப்படுவதைப் பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் மூலநூலையும் முடிவுற்ற படத்தையும் அருகருகே வைத்து ஒற்றுமை வேற்றுமைகளைக் காண்கின்றன. நூலுக்கும் படத்துக்கும் இடைப்பட்ட ஆயத்தக் காலம் ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுவது குறைவு. கதை எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது, பணம் எங்கிருந்து வந்தது, நடிகர் எவ்வாறு கிடைத்தனர், எந்த ஊரில் எந்த வீட்டில் கருவி நிறுத்தப்பட்டது என்பன படைப்புக்குப் புறம்பானவை என்று ஒதுக்கப்படுகின்றன. அவை படைப்பின் உள்ளேயே நின்று அதன் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு ரேயின் முதற்படம் தக்க சான்றாகும்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் பதேர் பாஞ்சாலி நாவல் ஆர். சண்முகசுந்தரத்தின் மொழிபெயர்ப்பு வழியே தமிழ் வாசகர்க்கு அறிமுகமானது. தலைப்பில் வரும் பாஞ்சாலி என்னும் சொல் திரௌபதியைச் சுட்டுவதன்று. அது வங்காளத்தில் வழங்கும் நெடிய கதைப்பாடல் வகையின் பெயர். பாதையின் கதைப்பாடல் எனத் தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம்.

மரபும் இழப்பும்

ரே 1921 மே 2 அன்று கல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய்சௌதுரி ஓவியர், இசை அறிந்தவர், குழந்தை எழுத்தாளர். அச்சுக்குரிய படக்கட்டை செய்யும் நுட்பத்தில் ஆய்வுகள் நிகழ்த்தி அயல்நாட்டாராலும் அறியப்பட்டவர். 1913இல் சந்தேஷ் என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். தந்தை சுகுமார் ரே வங்காள நகைச்சுவைப் பாடல் மரபில் தனியிடம் பெற்றவர். தம் நூல்களுக்குத் தாமே ஓவியம் வரைந்தவர். அவர் 1923இல் மறைந்தபோது மகனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. சில ஆண்டுகளில் குடும்ப அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. தாய் சுப்ரபா மகனுடன் தம் உடன்பிறந்தார் இல்லத்தில் தங்கி, ஆசிரியப் பணியாற்றி அவரை வளர்த்தார்.

அச்சும் ஓவியமும் ஒருங்கே தழைத்த மரபு ரேக்கு நினைவாக வாய்த்ததே அன்றிச் சொத்தாக வாய்க்கவில்லை. சொல்லையும் படத்தையும் ஒரே கையால் படைக்கலாம் என்ற நம்பிக்கை அம்மரபிலிருந்து வந்தது. மாத வருவாயைக் கைவிட இயலாத நிலை அவ்விழப்பிலிருந்து வந்தது. இவ்விரண்டும் பின்னர் அவர்தம் படப்பணியின் போக்கை வகுத்தன.

பிரசிடென்சிக் கல்லூரியில் பட்டம் பெற்றபின், தாயின் விருப்பத்திற்கிணங்க 1940இல் சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் சேர்ந்தார். நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி ஆகியோரிடம் பயின்றார். நகரத்திலேயே வளர்ந்த அவருக்கு வங்காளச் சிற்றூரும் இந்திய ஓவிய மரபும் அங்குத்தான் நெருக்கமாயின. ஐந்தாண்டுப் படிப்பை முடிக்காமல் 1942 இறுதியில் கல்கத்தா திரும்பி, 1943இல் டி. ஜே. கீமர் என்னும் பிரித்தானிய விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் ஓவியராகச் சேர்ந்தார்.

நூலோவியத்தில் கருக்கொண்ட படம்

அக்காலத்தில் சிக்னெட் பிரஸ் என்னும் பதிப்பகத்திற்கும் அவர் அட்டை ஓவியங்கள் வரைந்து வந்தார். அப்பதிப்பகம் பதேர் பாஞ்சாலி நாவலைச் சிறுவர்க்காகச் சுருக்கி, ஆம் ஆண்டிர் பேம்பு என்னும் பெயரில் வெளியிட முனைந்தது. மாங்கொட்டையால் செய்த ஊதுகுழல் என்பது அப்பெயரின் பொருள். அந்நூலுக்கு ஓவியம் தீட்டும் பணி ரேயிடம் வந்தது. நாவலை அவர் கூர்ந்து கற்றது இப்பணியின் பொருட்டே. அவ்வோவியங்களுட் சிலவற்றின் சாயலைப் பின்னாளில் படத்திலும் காணலாம்.

இந்நிகழ்வை இருவகையில் நோக்க வேண்டும். முதலாவது, நாவலின் பரந்த ஓட்டத்திலிருந்து எவை இன்றியமையாதவை எனத் தெரியும் வேலையைச் சுருக்கப் பதிப்பு முன்பே செய்து காட்டியிருந்தது. இரண்டாவது, ஓவியர் ஒருவர் ஒரு நிகழ்ச்சியை ஒரே சட்டத்துள் அடக்க வேண்டுமாயின் எங்கே நின்று நோக்குவது, எதை முன்னிறுத்துவது, எதை இருளில் விடுவது என முடிவு செய்தாக வேண்டும். படப்பிடிப்புக்குரிய முடிவுகளும் இவையே. எனவே ஆயத்தப்பணியின் தொடக்கத்தை 1952இல் அன்றி, நூலோவியம் தீட்டிய இப்பணியிலேயே காண்பது பொருந்தும்.

கற்றலும் தோல்வியும்

திரைப்படக்கலை கற்பிக்கும் நிறுவனம் எதிலும் ரே பயின்றாரல்லர். அவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட பயிற்சி ஒன்று உண்டு. ஒரு நாவல் படமாக்கப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தவுடன், அதற்குத் தாம் ஒரு திரைக்கதை எழுதி வைப்பார். பின்பு படம் வெளிவந்ததும் இரண்டையும் ஒப்பிடுவார். 1947இல் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களுடன் கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நிறுவினார். 1948இல் இந்தியப் படங்களின் குறைபாடுகளைச் சுட்டி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் கட்டுரை எழுதினார்.

இதே காலத்தில் தாகூரின் கரே பாயிரே நாவலுக்கு ரே திரைக்கதை எழுத, ஹரிசாதன் தாஸ்குப்தா இயக்குவதாக ஒரு முயற்சி தொடங்கியது. தயாரிப்பாளர் சில மாற்றங்களை வேண்டினார். ரே உடன்படவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. பல்லாண்டுகளுக்குப் பின் அத்திரைக்கதையைப் படித்துப் பார்த்த அவர், அது படமாகாமற் போனது நல்லதே என்று கருதினார். ஆயினும் பிறர் பணத்தைப் பெறுபவர் பிறர் விருப்பத்தையும் பெற நேரும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. அந்நாவலை அவர் 1984இல்தான் படமாக்கினார்.

1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் தி ரிவர் படத்திற்குக் களம் தேடிக் கல்கத்தா வந்தார். ரே அவருடன் ஊரகங்களுக்குச் சென்றார். நிறையக் காட்டுவதனினும் சரியானவற்றைத் தெரிந்து காட்டுவதே சிறப்பு என்னும் எண்ணம் ரெனுவாரின் உரையாடல்களால் அவரிடம் வலுப்பெற்றது. தாம் மனத்திலிருத்திய கதையை ரெனுவாரிடம் கூறி ஊக்கமும் பெற்றார். பிற்காலக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா தி ரிவர் படத்தின் கலைப்பிரிவில் பணியாற்றினார். சுப்ரத மித்ரா என்னும் இளைஞர் அப்படப்பிடிப்பை நாள்தோறும் உடனிருந்து நோக்கி, ஒளியமைப்பு பற்றிக் குறிப்புகள் எடுத்தார். ஆக, வருங்காலக் குழு பிறர் படம் ஒன்றின் களத்திலேயே உருப்பெறத் தொடங்கிவிட்டது.

1950இல் விளம்பர நிறுவனம் ரேயை இலண்டனுக்கு அனுப்பியது. மனைவி பிஜோயாவும் உடன் சென்றார். அங்கிருந்த மாதங்களில் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்தார். வித்தோரியோ தெ சீக்காவின் பைசைக்கிள் தீவ்ஸ் அவற்றுள் தலையாயது. தொழில்முறை நடிகர் இன்றி, அரங்க அமைப்பு இன்றி, இயல்பான களங்களில் எடுக்கப்பட்ட அப்படம், அவர் எண்ணியிருந்த வழி நடைமுறைக்கு ஏற்றதே என மெய்ப்பித்தது. கப்பலில் ஊர் திரும்பும்போது பதேர் பாஞ்சாலிக்கான காட்சிக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு நவம்பரில் விபூதிபூஷண் மறைந்தார். நாவலாசிரியரின் துணைவியார் நாவலைப் படமாக்க ரேக்கு இசைவளித்தார்.

ஓவிய ஏடு

தயாரிப்பாளர்களை அணுகுவதற்கு ரே ஓர் ஏட்டை உருவாக்கினார். முதன்மையான நிகழ்ச்சிகள் அதில் மைத்தீற்றல் ஓவியங்களாகத் தொடர்ந்து வரையப்பட்டிருந்தன. உரையாடல்களுக்குப் பெரும்பாலும் நாவலையே நம்பினார். ஓவியங்களும் சில குறிப்புத்தாள்களும் நினைவாற்றலுமே அவர் கைக்கொண்ட திரைக்கதை. பின்னாளில் அவ்வேட்டைப் பாரிசிலுள்ள பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்திற்கு அளித்தார்.

அவ்வேடு அன்றைய தயாரிப்பாளர்களை இணங்கச் செய்யவில்லை. பாடல் இல்லை, பெயர்பெற்ற நடிகர் இல்லை, இயக்குநருக்கு முன்னனுபவம் இல்லை என்பன அவர்கள் கண்ட குறைகள். ஆயினும் அவ்வேடு வேறொரு பணியைச் செய்தது. திரைப்பட அனுபவமில்லாத குழுவினர்க்கு, இயக்குநர் மனத்திலுள்ள படத்தைக் கண்ணெதிரே காட்டும் பொதுமொழியாக அது விளங்கியது. பிற்காலப் படங்களுக்கு அவர் பயன்படுத்திய, கடைக்காரர் கணக்கெழுதும் சிவப்புத்துணி அட்டையிட்ட ஏடுகளில் ஓவியம், உரையாடல், உடை, இசை யாவும் ஒருங்கே இடம்பெற்றன. அம்முறையின் முதல் வடிவமாக இவ்வோவிய ஏட்டைக் கொள்ளலாம்.

ஒளியும் களமும் மாந்தரும்

மழையிலும் மங்கிய வெளிச்சத்திலும் இயற்கை ஒளியைக் கொண்டு படமெடுக்க இயலாது என்பது அன்றைய தொழில்வல்லுநர் கருத்து. ரே 16 மி.மீ. படக்கருவி ஒன்றை இரவல் பெற்று, அத்தகைய சூழலில் சோதித்துப் பார்த்தார். விளைவு நம்பிக்கை தந்தது. ஒளிப்பதிவாளராக அவர் தெரிந்த சுப்ரத மித்ராவுக்கு அப்போது வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது. அதற்குமுன் அவர் திரைப்படக் கருவியை இயக்கியதில்லை.

கல்கத்தாவின் தெற்கே உள்ள போரால் என்னும் ஊரில் சிதைந்த வீடு ஒன்று ஹரிஹரின் இல்லமாகத் தெரிவு செய்யப்பட்டது. பன்சி சந்திரகுப்தா அதைக் கதைக்கு ஏற்பத் திருத்தியமைத்தார். இரவுக் காட்சிகள் மட்டும் படப்பிடிப்பு நிலையத்தில் எடுக்கப்பட்டன. வெளிக்களத்தின் இயற்கை ஒளியும் நிலையத்தின் செயற்கை ஒளியும் முரணாமல் இணைய வேண்டும் என்பது ஆயத்தக் காலத்திலேயே எண்ணித் தீர்க்கப்பட்ட சிக்கலாகும்.

நடிகர் தேர்வில் கலப்பு முறையைக் கையாண்டார். ஹரிஹராகத் தொழில்முறை நடிகர் கானு பானர்ஜியும், சர்வஜயாவாக மேடை அனுபவம் மட்டுமே கொண்ட கருணா பானர்ஜியும் தெரிவாயினர். அப்புவுக்காக நாளிதழில் விளம்பரம் செய்து பல சிறுவரைப் பார்த்தும் பொருத்தமானவர் கிடைக்கவில்லை. இறுதியில் அண்டை வீட்டில் விளையாடிய சிறுவனைக் கண்டு சுட்டியவர் பிஜோயா. முதியவள் இந்திர் தாக்ருணாக நடிக்க, எண்பது வயதை எட்டிய முன்னாள் மேடை நடிகை சுனிபாலா தேவி கிடைத்தார். ஒப்பனையால் முதுமையைக் காட்ட வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

முதல் நாளும் அது கற்பித்ததும்

1952 அக்டோபர் 27 அன்று முதற்படப்பிடிப்பு நிகழ்ந்தது. அலுவலகப் பணியை விட இயலாமையால் விடுமுறை நாள்களே படப்பிடிப்புக்குக் கிட்டின. எண்மர் கொண்ட குழுவில் பன்சி ஒருவருக்கே முன்னனுபவம் இருந்தது. வெண்ணிறக் காசப்பூ பூத்துக் கிடந்த வெளியில், அப்புவும் துர்காவும் தொடர்வண்டியைக் காணும் காட்சி எடுக்கப்படலாயிற்று.

சிறுவன் பூவெளியினூடே தமக்கையைத் தேடி நடக்க வேண்டும். நடக்கச் சொன்னபோது அவன் விறைப்பாக நடந்தான். ரே அவன் வழியில் சிறு தடைகளை இட்டும், குழுவினரைப் பூப்புதரில் மறைந்திருந்து அவனை அழைக்கச் செய்தும் இயல்பான தயக்கத்தை வருவித்தார். ஓவிய ஏட்டில் இல்லாத ஒன்றை அன்று களம் கற்பித்தது. அடுத்த விடுமுறையில் குழு திரும்பியபோது கால்நடைகள் பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன. காசப்பூ மீண்டும் பூக்கும் பருவம்வரை அக்காட்சி காத்திருந்தது.

நாவலை அறிந்தார்க்கு இம்முதற்காட்சியின் தெரிவு கருதத்தக்கது. நாவலில் துர்கா தொடர்வண்டியைக் காணாமலேயே இறக்கிறாள். அவளது நிறைவேறா ஆசை அப்புவின் நினைவில் நெடுங்காலம் நிற்கிறது. படத்திலோ இருவரும் ஒருங்கே அதனைக் காண்கின்றனர். அவ்வாறே நாவலில் தொடக்கத்திலேயே இறந்துவிடும் இந்திர் தாக்ருண் படத்தில் நெடுந்தொலைவு உடன் வருகிறாள். அவளது இறப்பைக் குழந்தைகளே மூங்கிற்புதரில் எதிர்கொள்கின்றனர். இவ்விரு மாற்றங்களும் படத்தில் அடுத்தடுத்து அமைந்து, வியப்பையும் இழப்பையும் ஒரே நாளின் அனுபவமாக்குகின்றன. மூலத்திலிருந்து மிக விலகிய ஒரு காட்சியை முதல் நாளிலேயே எடுக்கத் துணிந்தவர், படத்தின் கட்டமைப்பை முன்னரே உள்ளத்தில் முடித்து வைத்திருந்தார் எனல் தகும். எழுத்தில் திரைக்கதை இன்மையைத் திட்டமின்மையாகக் கொள்வதற்கு இச்சான்று இடந்தரவில்லை.

பொருள் முட்டுப்பாடு

ரே தம் ஆயுள் காப்பீட்டின்மேல் கடன் பெற்றார். விரும்பிச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். பிஜோயாவின் நகைகள் அடகுக்குச் சென்றன. ஒரு தயாரிப்பாளர் சிறிது பணம் அளித்துப் பின் விலகினார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் படப்பணி முற்றிலும் நின்றது. அவ்விடைவெளியில் அப்புவின் குரல் உடையாமலும், துர்கா தோற்றத்தில் வளர்ந்துவிடாமலும், சுனிபாலா தேவி மறையாமலும் இருந்தமையைப் பின்னாளில் ரே தமக்கு வாய்த்த மூன்று அற்புதங்களாகக் குறிப்பிட்டார். திட்டமிடலின் எல்லை எது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இக்கூற்றே சான்று.

தாய் சுப்ரபாவுக்கு அறிமுகமான ஒருவர் வழியாக மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் கவனத்திற்குப் படம் சென்றது. மாநில அரசு பொருளுதவிக்கு இசைந்தது. தலைப்பில் பாதை என்னும் சொல் இருந்தமையால் இத்தொகை சாலைப் பணிக் கணக்கில் சேர்க்கப்பட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. பணம் தவணைகளாக வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. குடும்பம் ஊரைவிட்டு வெளியேறும் சோக முடிவை மாற்றி, ஊர் முன்னேற்றத்தைக் காட்டலாம் என்ற யோசனையும் அரசுத் தரப்பில் எழுந்தது. ரே இணங்கவில்லை. கரே பாயிரே முயற்சியில் மாற்றங்களை மறுத்துப் படத்தை இழந்தவர், இம்முறை மறுத்தும் படத்தைக் காத்துக்கொண்டார். நாவலின் புகழ் இம்மறுப்புக்குத் துணை நின்றது. ஆனால் படத்தின் உரிமை அரசிடம் சென்றது. படம் ஈட்டிய பொருள் படைத்தவரை வந்தடையவில்லை.

1954இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் மன்ரோ வீலர் சில காட்சிப் படங்களைக் கண்டு, அங்குத் திரையிட அழைத்தார். இயக்குநர் ஜான் ஹியூஸ்டனும் முற்றுப்பெறாத பகுதிகளைப் பார்த்துப் பாராட்டினார். குறித்த நாளுக்குள் முடிக்க ரேயும் படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் இரவு பகலாக உழைத்தனர். ரவிசங்கரின் இசை ஒரே அமர்வில் பதிவாயிற்று. 1955 மே மாதம் நியூயார்க்கிலும், ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவிலும் படம் வெளியாயிற்று. மொத்தச் செலவு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய். 1956 கான் விழாவில் சிறந்த மானுட ஆவணத்திற்கான விருது கிடைத்தது.

தொகுப்புரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பதேர் பாஞ்சாலிக்குத் திரைக்கதை இருந்தது. அது எழுத்தில் அன்றி ஓவியத்திலும் களத்திலும் குழுவின் நினைவிலும் இருந்தது. எழுதப்பட்ட பனுவலையே திரைக்கதை எனக் கொள்ளும் ஆய்வு அதனைக் காணத் தவறும். இரண்டாவது, காலத்தாழ்வு வெறும் தடையாக நிற்கவில்லை. படப்பிடிப்பு நின்ற ஒவ்வொரு முறையும் எடுத்தவற்றைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு ஏற்பட்டது. ஆயினும் அதனை வறுமையின் நன்மையாகப் போற்றுதல் பொருந்தாது. முதிய நடிகை இடைக்காலத்தில் மறைந்திருப்பின் படமே இல்லை.

மூன்றாவது, சுயாதீனத் திரைப்படம் என்னும் வழக்கு தனியொருவரின் துணிவை முன்னிறுத்துகிறது. ரேயின் வாழ்க்கையோ வேறொன்றைக் காட்டுகிறது. அடகுக்குச் சென்ற நகை மனைவியுடையது. அப்புவை இனங்கண்ட கண்ணும் அவருடையதே. அரசின் கதவு திறந்தது தாயின் அறிமுகத்தால். நாவலை நம்பிக் கொடுத்தவர் நாவலாசிரியரின் துணைவியார். முதற்படத்தின் தலைப்பு அட்டைகளில் இவ்வுழைப்புக்கு இடமில்லை. வாழ்க்கை வரலாற்றில் இடமளித்தல் ஆய்வாளரின் கடமையாகும்.

ரே 1976இல் தமிழக அரசின் ஆதரவுடன் நாட்டியக் கலைஞர் த. பாலசரஸ்வதியைப் பற்றிப் பாலா என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். 1992 ஏப்ரல் 23 அன்று கல்கத்தாவில் மறைந்தார். தமிழ்ப் புதினங்கள் திரைப்படமானவிதத்தை ஆராய்வோர், முடிவுற்ற படங்களோடு நில்லாமல் குறிப்பேடுகள், செலவுக் கணக்குகள், களப் புகைப்படங்கள், குடும்பத்தாரின் நினைவுகள் ஆகியவற்றையும் மூலச்சான்றுகளாகத் திரட்டுதல் வேண்டும். அவை அழிவதற்கு முன் திரட்டப்பட்டால், எழுதப்படாத திரைக்கதைகள் பலவற்றைத் தமிழிலும் படிக்க இயலும்.